தூக்கிப் போட்ட பாதி

ஒன்பதாம் கணினி இல்லை என்று சொல்லிவிட்டது. ஆவுடையம்மாள் என்று ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் இல்லையாம். தன் பெயரை அவளே தட்டினாள், அவளுக்கே அந்தப் பதில். மணி பதினொன்றே கால். பதினொன்று நாற்பதுக்கு இந்தச் சுற்று முடிகிறது. இருபத்தைந்து நிமிஷம். நான் வாயைத் திறக்கக் கூடாது. செய்முறைத் தேர்வில் அதுதான் விதி. அகத்தேர்வாளர் என்று எனக்கு ஒரு பட்டம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். கேள்வி கொடுப்பதும் மதிப்பெண் போடுவதும் வெளியூர்ப் பள்ளியிலிருந்து வந்திருக்கும் கிரேஸ்லின் டீச்சர். முப்பத்தைந்து வயது இருக்கும். நடந்தால் சத்தமில்லை. கணினி அறைக்குள் யாருக்கும் செருப்பு கிடையாது, எல்லாம் வாசலில் குவிந்து கிடக்கிறது. அவர் ஒன்பதாம் கணினிக்குப் பின்னால் போய் நின்றார். குனிந்தார். "எல்லாருக்கும் வந்துட்டு. உனக்கு மட்டும் ஏன் இப்படி வருது?" என்றார். ஆவுடை திரும்பவில்லை. "தெரியல்ல டீச்சர்." எனக்கும் தெரியவில்லை. அதுதான் விஷயம். தெரிந்து, சொல்லக் கூடாதென்று உட்கார்ந்திருந்தால் அது ஒரு மாதிரி. நான் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே முகம்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, விதியை மதிக்கிற கிழவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். தரை குளிர்கிறது. பாதம் வியர்க்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று தெரியவில்லை. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டேனா? போட்டேன். போட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பட்டியல் வரிசையா இருக்கா என்று டீச்சர் காலையில் கேட்டார். இருக்கு என்றேன். அதை ஏன் இப்போது நினைக்கிறேன்?

வகுப்புப் பட்டியலில் பெயர் தேடுகிற அந்தப் புரோகிராம் நான் எழுதிக் கொடுத்தது. முப்பத்து நாலு ரெக்கார்டு நோட்டிலும் ஒரே புரோகிராம்தான், ஒரு புள்ளி மாறாமல். நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள். கணக்கு வாத்தியார் நான். முப்பத்து மூன்று வருஷம் கணக்கு, வேறொன்றும் தெரியாது, தெரிய வேண்டும் என்றும் இருந்ததில்லை. ஆகஸ்டில் கம்ப்யூட்டர் டீச்சர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதிலுக்கு ஆள் வரவில்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டார். "பிரமநாயகம் சார், கம்ப்யூட்டரும் கணக்குதானே. மே மாசம் எப்படியும் நீங்க ரிட்டயர்டு. அதுவரைக்கும் தள்ளி விடுங்க." தள்ளி விட்டேன். தரவுக் கட்டமைப்பு என்று ஒரு பாடம், நெறிமுறை என்று ஒரு பாடம். படித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை, சாமானை எப்படி அடுக்குவது, அடுக்கியதில் எப்படித் தேடுவது. இதற்குப் போய் எண்பது பக்கம். ஓசூரில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டுக் கற்றுக்கொண்டேன். "அப்பா, வரி ஆரம்பத்துல இடம் கூடக் குறைய விட்டா அது ஏத்துக்காது. நீங்க யார்ட்டயும் பொறுமையா இருந்ததில்ல, இதுட்ட இருக்கணும்" என்றாள். சிரித்தாள். சிரிக்கட்டும். அக்டோபரில் இருமத் தேடல் நடத்தினேன், இன்றைக்குக் கேள்வியாக வந்திருப்பது அதுதான். கரும்பலகையில் எண்கள் எழுதினேன். மூன்று, எட்டு, பதினாலு, இருபத்தொன்று, அப்படியே ஏறிக்கொண்டே போகும். நடுவைப் பார். நீ தேடுவது அதைவிடப் பெரிசா, வலது பாதியில் இருக்கும். சின்னதா, இடது பாதி. மற்ற பாதியைத் தூக்கிப் போடு. மிச்சத்தில் மறுபடி நடு. மறுபடி பாதியைத் தூக்கிப் போடு. ஆயிரம் எண் இருந்தாலும் பத்துத் தடவையில் முடிந்தது வேலை. எனக்கே பிடித்துப் போயிற்று. இப்படித்தான் இருக்க வேண்டும் எதுவும். வளவள இல்லாமல். அப்போதுதான் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். யார் என்றா கேட்கிறேன். தெரியும் யாரென்று. அந்த இடத்துக்கு நினைப்பு போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

எட்டாம் கணினியில் யுவராஜ். வேலை முடிந்து சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயர் முதல் தட்டிலேயே கிடைத்துவிட்டது. எண் பதினேழு, பையன்களில் கடைசி. பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்து, "உன்னைய ஸ்கூல்ல சேக்கவே இல்லியாம்ளா" என்று முணுமுணுத்தான். அவள் அசையவில்லை. கிரேஸ்லின் டீச்சர் விரலை மேசையில் தட்டினார். "எட்டாம் நம்பர், முடிச்சா வெளிய போ." போனான். போகும்போது என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்களா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? வகுப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது, முறைப்பு. முறைப்பு வருது, முறைப்பு போகுது. தெரியும். இன்றைக்கு முறைக்கக்கூட முடியவில்லை, முறைத்தால் அது ஜாடை காட்டியதாகிவிடும். டீச்சர் ஆவுடையிடம், "இப்ப போனானே, அவன் பேரைப் போட்டுப் பாரு" என்றார். இரண்டு விரலால் தட்டினாள். அவளுக்கு இன்னும் பத்து விரல் பழகவில்லை. உண்டு, பதினேழாவது இடம் என்று திரையில் வந்தது. "அப்ப புரோகிராம் சரி. உன் பேரை தப்பா அடிச்சிருக்கே." அவள் பட்டியலைத் திறந்து காட்டினாள். பதினெட்டாவது வரியில் அவள் பெயர். நான் தட்டியது, வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டியது. ஒரு எழுத்துத் தப்பில்லை. அதைப் பார்த்து அப்படியே மறுபடி தட்டினாள். இல்லை. டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். புரோகிராம் சரி. பட்டியலில் பெயர் இருக்கிறது. ஆனாலும் இல்லை. கணக்கில் இப்படி நடக்காது. விடை தப்பென்றால் எந்த வரியில் தப்பு என்று விரலை வைத்துக் காட்டலாம், முப்பத்து மூன்று வருஷமாகக் காட்டியிருக்கிறேன், முட்டி மடக்கிக் கொட்டியும் காட்டியிருக்கிறேன். இங்கே ஒவ்வொரு வரியும் சரி. விடை தப்பு. விரலை எங்கே வைப்பது?

மணி பதினொன்று இருபத்திரண்டு. கதவுக்கு வெளியே பெண்கள் நிற்கிறார்கள். பத்தாவது கணினிக்கு உயிர் இல்லை, அதனால் ஒன்பது ஒன்பது பேராக விடுகிறோம். முதல் சுற்று ஒன்பதும் பையன்கள், அரை மணியில் முடித்துக்கொண்டு போனார்கள். இது இரண்டாவது சுற்று, மிச்சமிருந்த எட்டுப் பையன்களும் இவளும். இவளுக்குப் பின்னால் பதினாறு பேர். இவளுக்கு வராததை அவர்கள் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு நின்றுவிட்டது. அரைப்பரீட்சையில் முட்டை வாங்கினால்கூட கலகலவென்று இருக்கிற கூட்டம், இப்போது மூச்சு மட்டும் கேட்கிறது. செய்முறையில் போய்விட்டால் எழுத்துத் தேர்வில் எதை எழுதியும் தூக்கி நிறுத்த முடியாது. மற்றவர்களுக்காவது வேறு பாடம் இருக்கிறது. ஆவுடைக்கு இது ஒன்றுதான் ஏறும். இயற்பியலில் முப்பத்தைந்தைத் தொட்டாலே பெரிசு. இதில் மட்டும் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதில்லை. பதினொன்றாம் வகுப்பு சேர்க்கையில் அவள் அம்மா வந்து நின்றது ஞாபகம் இருக்கிறது, பீடித்தட்டை வாசலில் வைத்துவிட்டு. "கம்ப்யூட்டர் குரூப்புதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கா சார். கெடைக்கலைன்னா படிக்கவே மாட்டேங்கா." இடமில்லை என்று நான்தான் சொன்னேன். அப்போது நான் சேர்க்கைக் குழுவில் இருந்தேன். இரண்டு நாள் வந்தார்கள். மூன்றாம் நாள் யாரோ ஒருத்தன் வேறு பள்ளிக்குப் போனதில் இடம் விழுந்தது. அன்றைக்கு இந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது திரையைப் பார்க்கிற அதே பார்வை. தட்டுவதை நிறுத்திவிட்டாள். கைகள் மடியில். என்னைப் போலவே. இரண்டு பேரும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறோம், பத்தடி இடைவெளியில். ஏதாவது செய்யேன் பிள்ளே. மறுபடி தட்டு. அணைத்துவிட்டுப் போடு. வேறு கணினிக்கு மாறிக் கேள். என் வாயில் எச்சில் இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தால்கூட எதையோ சொல்லப் போகிறேன் என்று நினைப்பார்கள்.

இனி திரும்பிக்கொள்ள வேறு பக்கம் இல்லை. அவள்தான் அக்டோபரில் எழுந்தவள். "சார், தூக்கிப் போட்ட பாதியில இருந்துச்சுன்னா?" வகுப்பு சிரித்தது. "இருக்காது. உட்காரு" என்றேன். "இல்ல சார், ஒருவேளை இருந்துச்சுன்னா." "வரிசையா இருக்கையில எப்படி இருக்கும்? உட்காருன்னா உட்காரணும்." உட்கார்ந்தாள். அதற்கப்புறம் என் வகுப்பில் அவள் எழுந்ததே இல்லை. அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, மேற்கொண்டு கேட்டால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. முந்தின ராத்திரி படித்ததை மறுநாள் காலையில் நடத்துகிறவன் நான், ஒரு பக்கம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒரு கேள்வி குறுக்கே விழுந்தால் நானும் விழுவேன். வரிசையா இருக்கையில. வரிசையா இருக்கா சார் என்று டீச்சர் காலையில் கேட்டார். வகுப்புப் பெயரையே வைத்துத் தேடச் சொல்லலாமே, பொய்ப் பெயரெல்லாம் எதற்கு என்று சொல்லிவிட்டு அதைக் கேட்டார். இருக்கு என்றேன். கண்ணை இமைக்காமல் சொன்னேன். வருகைப் பதிவேட்டைவிட வரிசையான ஒன்று உலகத்தில் உண்டா? தினமும் காலையில் நான் வாசிக்கிறது. அபிலாஷ், ஆண்டனி, அருள்குமரன், பாலமுருகன், போய்க்கொண்டே இருக்கும், உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா, யுவராஜ், உள்ளேன் ஐயா. அங்கே ஒரு சிவப்புக் கோடு. அங்கே ஒரு மூச்சு விடுவேன். சில நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். அதற்கப்புறம் ஆவுடையம்மாள். அந்த மூச்சு. அந்த இடத்தில் ஏதோ இடறுகிறது. செருப்புக்குள் மணல் மாதிரி. உள்ளேன் ஐயா. யுவராஜ். மூச்சு. ஆவுடை. அதில் என்ன இருக்கிறது, எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான், நான் படிக்கையிலும் அப்படித்தான். பிடிபடவில்லை. வயதாகிவிட்டது. சாவி எங்கே என்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடுகிற வயது.

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அவள் தட்டுகிறாள். பெயர் இல்லை, வேறு எதையோ, நீளமாக. கிரேஸ்லின் டீச்சர் போய்ப் பார்த்தார். "என்னம்மா இது? கேள்வி தேடச் சொல்லுது. நீ என்ன குமிழி வரிசையாக்கம் எழுதிட்டிருக்கே?" குமிழி வரிசையாக்கம். நவம்பரில் நடத்தினேன். பக்கத்துப் பக்கத்து இரண்டை ஒப்பிடு, முன்னால் வர வேண்டியது பின்னால் இருந்தால் இடம் மாற்று, அப்படியே கடைசிவரை, திரும்ப முதலிலிருந்து. "மொதல்ல அடுக்கணும் டீச்சர்" என்றாள். "எதை?" "பேரை. வரிசையா இல்ல." எனக்குப் பொறுக்கவில்லை. "ரெஜிஸ்டர் வரிசைதானே" என்று சொல்லிவிட்டேன். சத்தமாக. இரண்டு பையன்கள் திரும்பினார்கள். "சார்" என்றார் டீச்சர், கையைத் தூக்கி. அவமானமாக இருந்தது. முப்பத்து மூன்று வருஷத்தில் பரீட்சை அறையில் என்னை யாரும் அடக்கியதில்லை. ஆவுடை திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "பையனுங்க ஏ-ல ஆரம்பிச்சு ஒய்-ல முடியுது சார். எங்க பேரு திரும்ப ஏ-ல இருந்து ஆரம்பிக்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குள் கரண்ட் போயிற்று. மின்விசிறி இழுத்து இழுத்து நின்றது. மூலையில் பாட்டரிப் பெட்டி கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. ஆறு நிமிஷம் தாங்கும் அது, நல்ல நாளில். இன்றைக்கு நல்ல நாளா? சேமி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சேமி பிள்ளே, அப்புறம் எழுது. நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே கடித்தேன். அவளுடைய இரண்டு விரலும் அவசரப்படவில்லை. ஒரு வரி. அடுத்த வரிக்கு நாலு இடம் தள்ளி. அதற்கடுத்தது இன்னும் நாலு. வரி ஆரம்பத்தில் இடம் பிசகினால் ஏற்றுக்கொள்ளாது. பொறுமையாக இருக்க வேண்டும். கீ, கீ. என் நெஞ்சு எண்ணுகிறதா பெட்டி எண்ணுகிறதா? அந்த இருட்டில் திரை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது, அந்த முகத்தில் பயம் இல்லை. எனக்குத்தான் இரண்டு பேர் பயமும்.

அப்போதுதான், அந்தக் கத்தலுக்கு நடுவில், எனக்கு உறைத்தது. முப்பத்து நாலில் நடு எது? பதினேழு. பதினேழு யுவராஜ். ஒய். அவனுக்குப் பின்னால் ஆங்கில அகராதியில் எத்தனை பெயர் இருக்கும்? ஆவுடை ஏ. ஒய்யைவிட ஏ சின்னது. அப்படியானால் இடது பாதியில் இருக்கும். வலது பாதியைத் தூக்கிப் போடு. வலது பாதியில் பதினேழு பெண்கள். ஒரே வீச்சில், முதல் தட்டிலேயே, கேள்வி கேட்காமல். புரோகிராம் சரி. அது சொன்னதைச் செய்தது. ஒரு பெண் பெயர்கூட அதற்குக் கிடைக்காது, கதவுக்கு வெளியே நிற்கிற பதினாறில் ஒன்றுகூட. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பெண் பெயர் ஒன்றைப் போட்டுச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். பாலமுருகனைப் போட்டேன். கிடைத்தது. போதும் என்று எழுந்துவிட்டேன். வரிசையா இருக்கா என்றால் இருக்கு என்பேன், இனிமேலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், அந்தச் சிவப்புக் கோடு என் கண்ணுக்கு வரிசையின் ஒரு பகுதி. வீட்டு ரேஷன் அட்டையிலும் மகன் பிரபுவுக்குக் கீழேதான் மகள் கோமதி. அவள் அவனுக்கு நாலு வயசு மூத்தவள். யார் அப்படி எழுதினார்கள்? படிவத்தை நிரப்பினது நான். அவள்தான் ஓசூரிலிருந்து எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தாள். பொறுமை வேண்டும் என்றாள்.

ஆவுடை ஒரு விசையை அழுத்தினாள். திரையில் பெயரைக் கேட்டது. தட்டினாள். உண்டு. நாலாவது இடம். மூன்று பையன்களுக்குப் பின்னால், பாலமுருகனுக்கு முன்னால். டீச்சர் குனிந்து திரையைப் பார்த்தார். "யுவராஜைப் போடு" என்றார். உண்டு, முப்பத்து நாலாவது இடம். கதவிடுக்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "பெரியவரு கடைசிக்குப் போய்ட்டாரு" என்று ஒரு பெண் குரல். கரண்ட் வந்தது. பெட்டி வாயை மூடியது. மணி பதினொன்று முப்பத்தாறு. கிரேஸ்லின் டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்று, தணிந்த குரலில், "வரிசையா இருக்குன்னு சொன்னீங்களே சார்" என்றார். "என் தப்பு" என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. "அடுத்த சுற்றுக்கு முன்னால எல்லா சிஸ்டத்துலயும் பட்டியலை மாத்திடணும். அறிக்கையிலயும் எழுதணும். என்ன பிழை, யார் சரிசெய்ததுன்னு கேப்பாங்க." மேசையில் தாளை விரித்து, பேனா மூடியைக் கழற்றினார். "சரிசெய்ததுன்னு உங்க பேரையே போட்டுடறேன். ஒண்ணும் வராது." கேட்காமலே கொடுக்கிறார். வாங்கிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். மே மாசம் வரைக்கும்தானே. அவள் நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, ரெக்கார்டு நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசலில் குவியலுக்குள் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. "கொடுங்க" என்று பேனாவை வாங்கினேன். பிழை: பெயர்ப் பட்டியல் அகர வரிசையில் இல்லை. பிழை செய்தவர் என்று அந்தத் தாளில் இடம் இல்லை, ஓரத்தில் எழுதினேன், பிரமநாயகம், முதுகலைக் கணித ஆசிரியர். சரிசெய்தவர் என்ற இடத்துக்கு வந்தேன். கண்ணாடியைத் துடைக்கவில்லை. மூச்சு விட நிற்கவில்லை. எழுதினேன்: ஆவுடையம்மாள்.